ஜலஜாவின் தாமிரம்

அன்றைக்கு ஜலஜா கரும்பலகையில் வரைந்த அறுகோணம் மூடவில்லை. கடைசிக் கோடு முதல் கோட்டோடு சேராமல் அதைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளிப் போய் நின்றது. அடுத்த வகுப்பு எனக்கு என்பதால் நான் கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தவள் என் தோளில் இடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு?"

"நான்தான், கனகம்."

"கனகம், போர்டுல அந்தக் கோடு சேர்ந்திருக்கா?"

"இல்லையே, கொஞ்சம் விலகியிருக்கு."

"எவ்வளவு?"

இரண்டு விரலால் அளவு காட்டினேன். அவள் பார்வை என் விரல்களுக்கு இறங்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, நீ போ. பசங்க வெயிட் பண்றாங்க" என்றாள்.

செகந்திராபாத்தில் ஒரு தனியார் கல்லூரி எங்களுடையது. நான் வேதியியல், அவள் இயற்பியல். கல்யாணமாகி திருச்சியிலிருந்து வந்த எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதி அவள். அவளுடைய கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு கன்டோன்மென்டுக்கு வந்து சேர்ந்தவராம். அதனால் அவள் தமிழில் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' வரும், 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' வரும், அவர்கள் வீட்டில் 'ஏன்' என்பதற்குக்கூட 'கைக்கு' வரும். முதல் மாதம் அவள் எந்த மொழி பேசுகிறாள் என்றே நான் குழம்பியிருக்கிறேன்.

திடப்பொருள் இயற்பியல் அவளுடைய பாடம். உலோகங்களில் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள், பிரில்லுவான் மண்டலங்கள். பட்டதாரி மாணவர்கள் பயப்படுகிற பகுதி அது. ஆனால் ஜலஜா வரைவதைப் பார்ப்பதற்கென்றே வேறு வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து நிற்பதுண்டு. ஆறு சதுரமும் எட்டு அறுகோணமும் சேர்ந்த அந்த உருவத்தை, தாமிரத்தின் பிரில்லுவான் மண்டலத்தை, அளவுகோல் இல்லாமல் வெறும் கையால் வரைவாள். சதுரங்கள் நீலத்தில், அறுகோணங்கள் மஞ்சளில். முடித்துவிட்டு அவள் நகர்ந்ததும் எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். ஒரு வருடம், படிப்பு முடித்துப் போன பிள்ளைகள் அந்தப் படத்தையே ஒரு பீங்கான் கோப்பையில் அச்சடித்துப் பரிசாகக் கொடுத்தார்கள். டீயை அதில்தான் குடிப்பாள்.

அறுகோணம் மூடாமல் போன வாரத்தின் கடைசியில் கேன்டீனில் உட்கார்ந்து எனக்கு விஷயத்தைச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருட்டில் கண் தெரியாது. சினிமாத் தியேட்டரில் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும் நோய் அது. மருந்து கிடையாது என்று டாக்டர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். மெதுவாகத்தான் போகும் என்றும் சொல்லியிருந்தார்கள். இப்போது பகலிலேயே ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிட்டது.

"சாக்பீஸ் நுனி நல்லாத் தெரியுது கனகம். ஆரம்பிச்ச இடம் தெரியல. அறுகோணத்துக்கு ரெண்டும் வேணுமே."

"வீட்ல சொன்னியா?"

"குழாய் இவ்வளவு சின்னதாயிடுச்சுன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தினம் வண்டியில கொண்டுவந்து விடுவாரு. அவரு வேலை பார்க்கற நாச்சாரம் எங்க, இது எங்க."

தாழ்வாரத்தில் எத்தனை தூண், மாடிப்படி எங்கே திரும்புகிறது, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் எப்போதும் ஈரம் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு அவள் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறாள். அது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் அந்த மனப்பாடம் கைவிட்டது. மெட்டுகூடா மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் யாரோ விரித்து வைத்திருந்த குடையைத் தவிர்க்கப் போய் விழுந்தாள். மணிக்கட்டு பிசகியது. மாவுக்கட்டோடு வந்தவளைப் பார்த்து எல்லோரும் விசாரித்தார்கள். விசாரிக்கும்போது அவள் கண் எங்கேயோ பார்ப்பதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

பிரின்சிபால் மேடம் கெட்டவர் இல்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தெலுங்கில் மென்மையாகத்தான் பேசினார். அடுத்த செமஸ்டரிலிருந்து திடப்பொருள் பாடத்தை எட்வின் எடுத்துக்கொள்ளட்டும், முழுக்க போர்டை நம்பியிருக்கிற பாடம் அது, நீங்கள் லேப் வைவா மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் ஜலஜா காரு என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். தன் மேசை இழுப்பறையைத் திறந்து கலர் சாக்பீஸ் டப்பாவை எடுத்து எட்வின் மேசையில் வைத்தாள். எட்வினுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கல்லூரியில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. அவன் எழுந்து நின்றான். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று என்னைப் பார்த்தான்.

இதற்கு அப்புறம் அவர்கள் வீட்டில் நடந்ததை ஜலஜாவும் அவள் கணவர் சந்திரமோகனும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் நான் ஜலஜாவை நம்பியிருக்கிறேன்.

சந்திரமோகன் நாச்சாரத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். டப்பா மூடி, காய்கறிக் கூடை, வாளி இதெல்லாம் வார்க்கிற இடம். வார்ப்பு அச்சுகளைச் சரிசெய்கிற டூல்ரூமில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். பெரிய உருவம், சின்னக் குரல். மனைவி கல்லூரியில் என்ன பாடம் நடத்துகிறாள் என்று யாராவது கேட்டால் 'பிசிக்ஸ்' என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அன்று சாயங்காலம் ஜலஜா வேலையையே விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். பெங்களூரிலிருந்து மகள் சாஹித்யா போனில், "அம்மா, ஜஸ்ட் க்விட். இங்க வந்துடு" என்று முன்னமே சொல்லியாயிற்று. சந்திரமோகன் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாடத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"விடுங்க."

"சொல்லு. புரியலேன்னா புரியலேன்னு சொல்றேன்."

அவள் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். "ஒத்தை அணுவுல எலக்ட்ரான் நிக்கறதுக்குத் தனித்தனிப் படி இருக்கும். நடுவுல நிக்க முடியாது. ஒரு துண்டு தாமிரத்துல கோடானுகோடி அணு நெருக்கமா இருக்குல்ல, அப்ப ஒவ்வொரு படியும் அத்தனை படியாப் பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அகலமான பட்டையாயிடும். ரெண்டு பட்டைக்கு நடுவுல எலக்ட்ரானுக்கு இடமே கிடையாது."

"கைக்கு? ஏன் கிடையாது?"

"எலக்ட்ரான் அலை மாதிரி போகும். அணுவெல்லாம் ஒழுங்கா வரிசையில நிக்குது. முக்கால்வாசி அலைக்கு அது ஒரு தடையே இல்ல, அணு இருக்கறதே தெரியாத மாதிரி போயிடும். ஆனா சில அலைநீளம் மட்டும் வரிசைக்குச் சரியாப் பொருந்திப்போயிடும். அப்ப ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பியனுப்பும். திரும்பினது எல்லாம் ஒரே தாளத்துல சேர்ந்து பெரிசாயிடும். அலை முன்னாலயும் போகாது, பின்னாலயும் போகாது. இருந்த இடத்துலயே நின்னு ஆடும். அங்கதான் சுவர். அங்கதான் ஒரு பட்டை முடிஞ்சு இடைவெளி வருது. எல்லாத் திசையிலயும் அந்தச் சுவர் எங்க எங்க வருதுன்னு பார்த்து மூடினா, நடுவுல ஒரு ரூம் கிடைக்கும். அதுதான் பிரில்லுவான் மண்டலம். தாமிரத்துக்கு அது ஆறு சதுரம், எட்டு அறுகோணம்."

"தாமிரத்துக்குள்ள எங்க இருக்கு அந்த ரூம்?"

"எங்கயும் இல்ல. பசங்க மாட்டிக்கறதே அங்கதான். அது கணக்குல இருக்கற இடம். எந்தப் பக்கம் போறோம்கறது திசை, அலை எவ்வளவு நெருக்கம்கறது தூரம். அப்படி வரைஞ்ச வெளியில இருக்கு."

"அப்ப யாரும் அதைப் பார்த்ததே இல்ல?"

"அளந்து கண்டுபிடிச்சிருக்காங்க. கண்ணால எப்படிப் பார்க்கறது?"

"அப்புறம் நீ மட்டும் கைக்குப் பார்க்கணும்?"

சந்திரமோகன் இதைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது என்று அவர் சொல்கிறார். மலரவில்லை, எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன் என்று அவள் சொல்கிறாள். பேசுவது எவ்வளவு சுலபம் என்று கோபம் வந்ததாம். அடுத்த சில வாரங்கள் அவள் வீட்டில் சரியாகப் பேசவே இல்லை. கல்லூரிக்கு, ராஜினாமாக் கடிதம் எதுவும் கொடுக்காமல், வந்தாள், போனாள். எட்வின் வகுப்பு நடக்கும் அறை வழியாகப் போவதைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த நாட்களில் சந்திரமோகன் மனைவி சொன்னதில் தனக்குப் புரிந்த ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். ஆறு சதுரம், எட்டு அறுகோணம். கோப்பையிலும் அந்தப் படம் இருந்தது. தொழிற்சாலை முதலாளி ஜம்புநாதன் நல்ல மனிதர். கழிவில் கிடந்த நைலான் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ள அனுமதித்தார். சாப்பாட்டு இடைவேளைகளில் டூல்ரூமில் அதை எட்டு முக்கோண முகமாக அறுத்து, ஆறு மூலைகளையும் வெட்டி இழைத்து, ஒரு சனிக்கிழமை மாலை துணிப்பையில் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

ஜலஜா அதைக் கையில் எடுத்தாள். வழவழவென்று மெருகேற்றியிருந்தது. ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டே போனவள் ஒரு விளிம்பில் நிறுத்தி, அடுத்த விளிம்பில் நிறுத்தி, மறுபடி முதல் விளிம்புக்கு வந்தாள்.

"என்னங்க, இது தப்பு."

"எது?"

"சதுரம் சின்னதா இருக்கு. அறுகோணத்துல ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. எல்லா விளிம்பும் ஒரே அளவா இருக்கணும். மூலையை இன்னும் ஆழமா வெட்டியிருக்கணும் நீங்க. விளிம்புல மூணுல ஒரு பங்கு வர்ற வரைக்கும்."

"நான் நாலுல ஒரு பங்குதான் வெட்டினேன். கோப்பையில பார்த்தா அப்படித்தான் தெரிஞ்சுது."

"கோப்பை வளைஞ்சிருக்கு. அதைப் பார்த்து வெட்டுவாங்களா? இந்த உருவத்துக்கு உலகத்துல எந்த உலோகமும் கிடையாது. இதையே பக்கத்துல பக்கத்துல அடுக்கினா நடுவுல சந்து விழும். பிரில்லுவான் மண்டலம்னா சந்தே விழாம இடம் முழுக்க நிறையணும்." அவள் பேசிக்கொண்டே போனாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற வரைக்கும் பேசினாள். பல வாரத்துக்குப் பிறகு மனைவியின் பேச்சு அது. சந்திரமோகன் பாலை அணைக்க எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாராம். அதற்கும் திட்டு வாங்கினார்.

இரண்டாவது முறை அவள் கட்டை கேட்கவில்லை. உள்ளே வெற்றிடமாக இருக்க வேண்டும், சதுர முகங்கள் திறந்திருக்க வேண்டும், இரண்டாகப் பிரிந்து மறுபடி மூட வேண்டும் என்றாள். நடுவில் வைக்க ஒரு பந்தும் வேண்டும். தாமிரத்தின் எலக்ட்ரான்கள் அந்த அறையில் எவ்வளவு தூரம் நிறைந்திருக்கின்றன என்பதன் எல்லை அந்தப் பந்து. ஃபெர்மிப் பரப்பு என்று அதற்குப் பெயர். அக்ரிலிக் தகடுகளை வெட்டி ஒட்டி அறையைச் செய்தார் சந்திரமோகன். பந்தை நைலானில் கடைந்தார்.

அது சரியா என்று பார்க்க ஜலஜாவே ஒரு வழி சொன்னாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் போயிருந்தேன். சமையலறைத் தரையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"மண்டலத்துல அணுவுக்கு ரெண்டு எலக்ட்ரானுக்கு இடம் இருக்கு. தாமிரம் குடுக்கறது ஒண்ணுதான். அதனால பாதி ரூம்தான் நிறையும். பந்தும் பாதி ரூமாத்தான் இருக்கணும்" என்றாள். "காலியா இருக்கறப்ப எவ்வளவு அரிசி பிடிக்குதுன்னு பாருங்க. அப்புறம் பந்தை உள்ள வெச்சுட்டு மிச்ச இடத்துல கொட்டுங்க. அதுல சரிபாதி பிடிக்கணும்."

திறந்திருந்த பக்கங்களை அட்டை வைத்து மூடி, டேப் ஒட்டி, மேல் சதுரத்தின் வழியாக அரிசியைக் கொட்டினோம். பிறகு பந்தைப் பொருத்திவிட்டு மறுபடியும் கொட்டினோம். பாதியைத் தாண்டிப் பிடித்துக்கொண்டே போயிற்று.

"பந்து சின்னதாப் போச்சு" என்றார் சந்திரமோகன்.

"ஹவ்."

"எவ்வளவு பெரிசாக்கணும்?"

அவள் மனக்கணக்காகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடியில் ஒட்டியிருந்த அட்டை விட்டுக்கொண்டு அரிசி முழுக்கத் தரையில் கொட்டியது. மூன்று பேரும் சிரித்தோம். சந்திரமோகன் முறத்தை எடுத்துவர எழுந்தார். ஜலஜா தரையில் கையைப் பரப்பி அரிசியை ஒதுக்கிக் குவித்தாள். கை போகிற இடமெல்லாம் சுத்தமாயிற்று. கண் தெரிகிற நான் விட்ட மணிகள்தான் மூலையில் கிடந்தன. அவரும் அதைப் பார்த்தார்.

பெரிய பந்து அடுத்த வாரம் வந்தது. அரிசி பாதிக்குச் சரியாக நின்றது. அப்போது சந்திரமோகனே ஒரு விஷயத்தைக் கவனித்தார். சதுர முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் அவருடைய தடித்த விரல் தாராளமாக நுழைந்தது. அறுகோணத்துக்கும் பந்துக்கும் நடுவில் பென்சில்தான் போயிற்று.

"அறுகோணச் சுவர் பக்கத்துல இருக்கு ஜலா. சதுரம் தூரமா இருக்கு."

அவளும் இரண்டு இடத்திலும் விரலை விட்டுப் பார்த்தாள். "அதேதான். அதனாலதான் நிஜத் தாமிரத்துல இது முழுப் பந்தா நிக்காது" என்றாள் பிறகு. "சுவர் கிட்ட வந்தா எலக்ட்ரானோட ஆற்றல் கொஞ்சம் இறங்கும். இறங்கினா, அதே ஆற்றலுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். தூரத்துச் சுவருக்கு அந்தக் கொஞ்சம் பத்தாது. பக்கத்துல இருக்கற எட்டுக்கு அதுவே போதும். பந்து கழுத்து நீட்டிப் போய்த் தொட்டுடும். எட்டுப் பக்கமும் எட்டுக் கழுத்து."

"அப்ப எட்டுக் கழுத்து கடையணும்."

"கஷ்டம்னா நக்கோ."

"கஷ்டம்னு யார் சொன்னா?"

கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. பந்திலிருந்து கழுத்து கிளம்புகிற இடம் மழுங்கலாக, இழுத்த மாவு மாதிரி இருக்க வேண்டும் என்று அவள் இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். தசராவுக்குத் தொழிற்சாலையில் ஆயுதபூஜை நடந்தபோது ஜம்புநாதன் அதை எடுத்துக் குங்குமம் வைத்து இயந்திரங்களோடு வரிசையில் வைத்துவிட்டாராம். குங்குமக் கறையோடுதான் அது ஜலஜா கைக்கு வந்தது.

அதை அவள் எனக்குக் காட்டுவதற்காகக் கல்லூரிக்கு எடுத்துவந்தாள். எத்தனையோ வருடமாகக் கழுத்தை எட்டுச் சின்ன வட்டமாக போர்டில் போட்டுக்கொண்டிருந்தேன், அது பந்தின் வயிற்றில் எங்கிருந்து எழும்புகிறது என்பது இப்போதுதான் தெரிந்தது என்றாள். சொல்லும்போது அவள் கட்டைவிரல் அந்தச் சரிவிலேயே போய்ப் போய் வந்தது.

எட்வின் எட்டிப் பார்த்தான். எழுந்து வந்து அனுமதி கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், நாளைக்கு இதான் கிளாஸ். நான் இதை எடுத்துட்டுப் போகட்டுமா?"

"நக்கோ" என்றாள் ஜலஜா. யோசிக்காமல் வந்த வார்த்தை. எட்வின் முகம் சுருங்கிப்போய் அதை மெதுவாக அவள் மேசையில் வைத்தான். வைத்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் எதையோ தேடுவது போல இழுப்பறையைத் திறந்து மூடினாள்.

"எட்வின்."

"மேடம்?"

"நானும் வர்றேன். நீ எழுது, நான் பேசறேன்."

"அதைத்தான் மேடம் கேட்கணும்னு இருந்தேன்" என்றான் எட்வின். "எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அந்த சாக்பீஸ் டப்பாவை நான் இன்னும் திறக்கவே இல்ல."

மறுநாள் எனக்கு வகுப்பில்லை. நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஜலஜா முதன்முறையாக போர்டுக்கு முதுகு காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்றாள். ஒரு சமன்பாட்டைச் சொல்லும்போது குறி தப்பாகச் சொல்லி, எட்வின் தயங்கி நிற்பதை உணர்ந்து, தானே திருத்தினாள். பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்கக் கை தூக்கினார்கள். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். எட்வின் தொண்டையைக் கனைத்தான்.

ஜலஜா நிறுத்தினாள். தனக்குக் கண் தெரிவது இப்போது மிகவும் குறைந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் நேராகச் சொன்னாள். அதுவரை அவள் எந்த வகுப்பிலும் அதைச் சொன்னதில்லை. "அதனால கை தூக்காதீங்க. பேரைச் சொல்லிட்டுக் கேளுங்க" என்றாள்.

பிறகு ஒரு பெண் குரல், "ஸ்ரேயா, மேடம். சுவர் வரைக்கும் போன எலக்ட்ரான் அப்புறம் எங்க போகும்?" என்று கேட்டது.

ஜலஜா தாமிரத்தைத் தூக்கிப் பிடித்தாள். எதிரெதிராக இருக்கிற இரண்டு அறுகோணங்களில் இரண்டு கட்டைவிரலையும் வைத்தாள். "இந்தச் சுவர்ல வெளிய போறதும் அந்தச் சுவர் வழியா உள்ள வர்றதும் ஒண்ணுதான். ரெண்டும் ஒரே நிலை. ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் வாங்கி, தொட்டுப் பாருங்க" என்று முன்வரிசையில் நீட்டினாள். அது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசையில் என்னிடம் வந்தபோது மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்று மதியம் எட்வின் அவளோடு பிரின்சிபால் அறைக்குப் போய், பாடம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும் என்று கேட்டான். பிரின்சிபால் மேடம் நெடுநேரம் யோசித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: படிக்கட்டில் ஜலஜா காரு கையில் கோல் இருக்க வேண்டும், இன்னொரு தடவை விழுவதைப் பார்க்க என்னால் முடியாது. கோல் பிடிக்கச் சொல்லிச் சந்திரமோகனும் சாஹித்யாவும் கெஞ்சியும் கேட்காதவள், இதற்கு ஒத்துக்கொண்டாள். மடக்குகிற வெள்ளைக் கோல். முதல் சில நாள் அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். மேடம் ஒரு தடவை மாடியிலிருந்து குரல் கொடுத்த பிறகு எடுத்தாள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவளுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆள் வந்து நின்றால் நிழலாக ஏதோ தெரியுமாம். மிச்சமிருந்த குழாய்ப் பார்வையும் போன நாளில், இந்த மார்ச் மாதத்தில், அவள் அழுதாள். பேராசிரியர் அறையில் இரண்டு பேர் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். சந்திரமோகன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நாச்சாரத்திலிருந்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் அவள் விடுப்பு. அதற்கு மறுநாள் வகுப்புக்கு வந்தாள். எட்வின் எழுத, அவள் சோடியத்தைப் பற்றிப் பேசினாள்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசை முழுக்க அக்ரிலிக்கும் நைலானும். இப்போது நான்கு தாமிர மண்டலங்கள். அறுகோணத்தோடு அறுகோணம் ஒட்ட, நான்கையும் வளையமாகச் சேர்த்திருந்தார் சந்திரமோகன். ஒட்டிய சுவர்களில் துளை போட்டிருந்ததால் ஒரு பந்தின் கழுத்து அடுத்த பந்தின் கழுத்தோடு போய்ச் சேர்ந்தது.

"இது எதுக்கு நாலு?" என்று கேட்டேன்.

"காந்தப் புலத்துல வெச்சா எலக்ட்ரான் இந்தப் பரப்பு மேலயே சுத்தி வரும்" என்றாள் ஜலஜா. "எல்லாப் பாதையும் ஒரே பந்துல முடியறதில்ல. ஒரு பாதை நாலு பந்துக்கும் நடுவுல இருக்கற ஓட்டையை ஒட்டியே, கழுத்து கழுத்தாத் தாண்டிப் போய், கிளம்பின இடத்துக்கே வரும். நாய் கடிக்கிற எலும்பு மாதிரி இருக்கும். அதுக்குப் பேரே அதுதான்."

"காலைல இருந்து தேடறேன், எனக்கு எலும்பு கிடைக்கல" என்றார் சந்திரமோகன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "நாலு பந்து தெரியுது. நடுவுல ஓட்டை தெரியுது. எலும்பு எங்க?"

"கையைக் குடுங்க."

அவர் ஆட்காட்டி விரலை நீட்டினார். அவள் அதைப் பிடித்து முதல் பந்தின் வயிற்றில் வைத்தாள். மெதுவாக நகர்த்தினாள். கழுத்தில் இறங்கி, அடுத்த பந்தில் ஏறி, மறுபடி கழுத்தில் இறங்கி விரல் போயிற்று. மூன்றாவது பந்துக்கு வந்தபோது அவர், "ஓ" என்றார். அவள் நிறுத்தவில்லை. "இன்னும் இருக்கு, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். நான் டீ போடலாமென்று எழுந்து சமையலறைக்குப் போனேன். டீயோடு திரும்பி வந்தபோது அவர்கள் இரண்டாவது சுற்றில் இருந்தார்கள்.